உறை போட்ட மூன்று பெட்டிகள்

மூன்று பெட்டிகளையும் வண்டியிலிருந்து இறக்கி முன்னறையில் வைப்பதற்குள் கணவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குக் குறையாது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கடுகளவு திருகாணிகளோடு பழகிய கை. பாட்டுக் கேட்க இத்தனை இரும்பு எதற்கு என்று இருபது வருடமாக மனைவியிடம் கேட்டு வருகிறார். இன்றும் கேட்டார். அவளும் வழக்கம்போலச் சிரித்துவிட்டு, இணைக்கும் கம்பிகளைத் தேடப் போனாள்.

வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்காகவே ஆசை ஆசையாய் வாங்குகிறார்களே, அந்த விலையுயர்ந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களைக் கேட்டுப் பார்த்து நல்லது கெட்டது எழுதுவதுதான் அவள் வேலை. பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். அவள் ஒரு வரி எழுதினால் ஒரு கம்பெனி நிமிரும், இன்னொன்று படுக்கும்.

இந்த முறை மூன்று பெட்டிகளுக்கும் கறுப்புத் துணியில் உறை தைத்து அனுப்பியிருந்தார் ஆசிரியர். சூடு வெளியேற மேலே மட்டும் வலைத்துணி. முன்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண். உறையை அவிழ்க்கக் கூடாது, யார் செய்தது என்று கேட்கவும் கூடாது, எழுதி அனுப்பிய பிறகு தானே சொல்வதாகப் போனில் சொல்லியிருந்தார். காரணம் அவளுக்குத் தெரியும். மூன்றில் ஒன்று அவள் தங்கை செய்ததாக இருக்கலாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் தங்கை தன் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்து முடித்தபோது, அதை எடைபோடும் வேலை அக்காவிடமே வந்தது. உறவுக்காரி என்று விட்டுக்கொடுக்காமல் எழுத வேண்டும் என்கிற வீராப்பில், ‘கேட்கக் கேட்கத் தூக்கம்தான் வருகிறது’ என்று எழுதிவிட்டாள். கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டால்கூட, சௌக்கியமா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை நகராது.

முதல் நாள் முழுக்க ஆயத்தத்திலேயே போனது. சத்தம் ஒரு பொட்டு கூடினாலும் அந்தப் பெட்டியே நன்றாக இருப்பதாகக் காது ஏமாந்துவிடும். அதனால் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டர் வைத்து, மூன்றும் ஒரே அளவு தரும்படி சரிபார்த்தாள். ஒரு மணி நேரம் சூடேறவிட்டாள். கம்பளத்தை விரித்து, பாதித் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் போட்டாள்.

மறுநாள் முதல் பெட்டி வெளிச்சமாகப் பாடியது. தந்தியில் விரல் உரசுவதும், பாடகி பல்லிடுக்கில் மூச்சை இழுப்பதும் கண்ணெதிரே நின்றன. கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று குறித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. இரண்டாவது பெட்டிக்கு அடிவயிற்றுக் குரல். அது முழங்கியபோது சமையலறையில் அடுக்கியிருந்த தம்ளர்கள் கூடச்சேர்ந்து முனகின.

மூன்றாவதை அதற்கு மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் போட்டாள். செல்லோ என்கிற பெரிய வயலினின் இசை. முதல் இழுப்பிலேயே அறையின் சுவர்கள் பின்வாங்கியதுபோல் இருந்தது.

அவள் நீளமான ஒரு தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். தரையில் கணுக்கால் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர். நடுவில் நாற்காலி போட்டு ஒருவர் செல்லோ வாசித்தார். வில் ஒவ்வொரு முறை இழுபடும்போதும் தண்ணீர் மெல்லச் சாய்ந்து, மெல்லத் திரும்பியது. எங்கே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததில் கவலையும் இல்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே திறந்தன. எல்லா ஜன்னலிலும் ஒரே மஞ்சள் வெயில்.

கண் விழித்தபோது மணி ஐந்து. பாட்டு எப்போதோ முடிந்துபோயிருந்தது. மடியில் கிடந்த நோட்டில் தேதியைத் தவிர ஒரு எழுத்து இல்லை.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த நாள் காபியைக் கறுப்பாகக் குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடியும் தாழ்வாரம், மறுபடியும் தண்ணீர். அதற்கும் அடுத்த நாள் கணவரைக் கடைக்குப் போகவிடாமல் பிடித்துவைத்து, எது எந்தப் பெட்டி என்று சொல்லாமல் மாற்றி மாற்றி இணைக்கச் சொன்னாள். அவர் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, தனக்குச் சம்பளம் உண்டா என்று விசாரித்தபடியே மாட்டினார். அன்றும் அவள் தூங்கியது மூன்றாவதில்தான்.

“பேசாம இதை நம்ம படுக்கையறையில வச்சிடலாமே” என்றார் அவர். “நீ பகல்ல கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. ராத்திரியிலகூட அரைத் தூக்கம்தான்.”

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது சுருக்கென்று பட்டது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அவள் காது வாசலில் காவல் நிற்கும். எங்கே பிசகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் பெட்டி அந்தக் காவலை ஒரு நொடி உட்காரவிடவில்லை. மூன்றாவதோ, போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டது. வீட்டில் பாட்டுக் கேட்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படியானால் ஆறு வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு? யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் இருந்தது. தங்கையின் பெட்டியில் அவள் முழுசாகக் கேட்டது ஒரே ஒரு பாட்டு. மிச்ச நேரமெல்லாம் தூங்கிவிட்டாள். மறுபடி போட்டுக் கேட்காமல், அந்த எரிச்சலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவதற்கு முதலிடம் கொடுத்து எழுதினாள். மேளதாளம் உச்சத்துக்குப் போகும்போது அது கொஞ்சம் நெரிசலாகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஒன்றாவது பெட்டி தலைவலி தருகிறது, கடைசி இடம். அடியில், ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த மதிப்புரையில் தான் செய்த தவறைப் பூசி மெழுகாமல் நாலு வரியில் சொன்னாள். மூன்றாவது தங்கையுடையதாகத்தான் இருக்கும் என்று உள்ளூர நம்பிக்கொண்டே அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆசிரியர் கூப்பிட்டார். மூன்றாவது, பெயர்பெற்ற ஒரு பழைய கம்பெனி செய்தது. தங்கை செய்தது ஒன்றாவது. சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். அச்சில் வருவதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவதாகவும் சொன்னாள்.

தங்கையின் பட்டறை ஒரு அச்சகத்துக்கு மாடியில் இருந்தது. படியேறும்போதே ஈயம் உருகும் வாசனை. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

தங்கை பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தாள். கீழே அச்சு இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு பாட்டுதான் கேட்டியா?”

“ஒண்ணுதான்டி.”

“யாரும் தூங்கவே கூடாதுன்னுதான் இதைச் செஞ்சேன். ஆறு வருஷம். ஒவ்வொரு தடவை தீட்டும்போதும் உன் முகம்தான் முன்னால நிக்கும்.” மேசையில் சிந்தியிருந்த ஈயத் துளியை நகத்தால் சுரண்டினாள். “தலைவலி வருதுன்னு எழுதியிருக்கியா?”

“எழுதியிருக்கேன். மாத்தப் போறதில்லை.”

“மாத்தாதே. எனக்கும் வருது.”

அதற்குப் பிறகுதான் தங்கைக்குக் கோபம் வந்தது. கல்யாணங்களில் முகம் திருப்பியதிலிருந்து தொடங்கி, சின்ன வயதுச் சண்டைகள்வரை வரிசையாக எடுத்துப் போட்டாள். அக்கா ஸ்டூலை விட்டு எழவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு, ஆறு வருடத்துக்கு முன்னால் செய்த பெட்டிகளில் ஒன்றேனும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை; எல்லாவற்றையும் பிரித்து, பாகங்களை வேறு வேலைக்குப் போட்டாயிற்று. வரைபடம் மட்டும் அலமாரி மேலே சுருட்டிக் கிடந்தது.

இருவருமாக அதை மேசையில் விரித்தார்கள். ஒரு ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. ஈரப்பட்ட இடங்களில் கோடுகள் கலைந்து, ஆற்றுப்படுகை மாதிரி ஆகியிருந்தன. தங்கை பென்சிலால் மெல்ல அவற்றை மீட்டாள். ஒரு பாகத்தின் அளவு எழுதிய இடத்தில் நின்று, இந்த எண் மூன்றா எட்டா என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

“எட்டா இருந்தா எப்படிக் கேட்கும்?” என்றாள் அக்கா.

“செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.”

“மூணாவும் செய். ரெண்டையும் கேட்கிறேன். இந்தத் தடவை எத்தனை நாள் ஆனாலும் சரி.”

தங்கை விளக்கை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்து, அக்கா பக்கமாகவும் வெளிச்சம் விழும்படி திருப்பி வைத்தாள்.