உருகிய அம்மாக்கள்

அந்தப் பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை எழுதிய பிள்ளைகளின் அம்மாக்கள் பரீட்சைக்குப் பரீட்சை உயரம் குறைந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் சார் 'என் அம்மா' கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். அம்மா ஒரு மெழுகுவர்த்தி, தான் உருகிப் பிறருக்கு ஒளி தருகிறாள் என்று அது தொடங்கும். அவர் படித்த காலத்தில் அவருடைய சாரும் அதையேதான் எழுதிப் போட்டார். இங்கிலீஷ் சாரின் அம்மா இப்போது ஒரு மாடக்குழியில் வசதியாக இருந்தாள். மாட்டைத் தென்னைமரத்தில் கட்டிய கதையாக, பத்தாம் வகுப்பில் கடிதம் கேட்டாலும் பதினொன்றில் கவிதை நயம் கேட்டாலும் பிள்ளைகள் மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வீடுகளில் லேசாக மெழுகு வாசம் வந்தது. மேல்தட்டு டப்பாவைத் தாங்களே எடுக்க வேண்டி வந்தபோதுதான் அப்பாக்கள் விசாரித்தார்கள். நல்ல மார்க் வருகிறது என்று தெரிந்ததும், அம்மாக்கள் ஏறி நிற்க ஆளுக்கொரு முக்காலி வாங்கிப் போட்டார்கள்.

தையல்காரியின் மகள் ஒன்பதாம் வகுப்பில், தன் அம்மா ஊசியை வாயில் கவ்விக்கொண்டே சிரிப்பாள், அளவு சொல்லத் தெரியாதவர்களைத் திட்டுவாள் என்று எழுதினாள். சார் சிவப்பு மையால் அடித்தார்.

"ஊசியெல்லாம் எதுக்கும்மா? திருத்துறவர் பயந்துடுவார். போர்டுல இருக்கறத எழுது."

எழுதினாள். அன்று மாலையே தையல்காரியின் குரல் தணிந்தது. அடுத்தடுத்த வருடங்களில் அவள் மெஷின் மேசைக்குச் சமமானாள். பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வு வந்தபோது அவள் கால் மிதிக்கு எட்டவில்லை. தைக்க வந்த துணிகள் மூட்டையாகவே கிடந்தன. அவள் யாரையும் திட்டாமல், எல்லோருக்கும் பொதுவாகப் புன்னகைத்தாள். மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பொதுத்தேர்விலும் 'என் அம்மா'தான் வந்தது. எல்லாப் பேனாக்களும் ஒரே சத்தத்தில் ஓடின. தையல்காரியின் மகள் நெடுநேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தப்பும் தவறுமாக ஊசியையும் சிரிப்பையும் வசவையும் எழுதினாள்.

மறுநாள் காலை மெஷின் ஓடும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. ரிசல்ட் வந்த அன்று தையல்காரி வாயில் ஊசியோடு கேட்டாள்.

"ஏண்டி, மத்ததுல எல்லாம் அள்ளியிருக்க, இங்கிலீஷ்ல மட்டும் என்னடி இது? பரீட்சை எழுதினியா, பராக்குப் பார்த்தியா?"

"உன்னைப் பத்திதான்மா எழுதினேன்."

"என்னைப் பத்தி எழுதினா இவ்வளவுதான் போடுவானுங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு முக்காலி ஆடியது.

ஆண்டு விழாவில் இங்கிலீஷில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் அம்மாக்களை வெயில் படாமல் தூக்கிவந்து முன்வரிசை மேசையில் வைத்தார்கள். மேடையில் விளக்கேற்றும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். தையல்காரி இரண்டாம் வரிசையில் உட்காரப் போனாள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று சொல்லி, சாரே வந்து அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்.