கடைசியாகக் கூப்பிட்டது

ஜுமானா அந்தப் புத்தகத்தை மேசைக்குக் கீழே மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். யாராவது பல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தால் மூடுவாள். அவர்கள் டொக்டரின் அறைக்குள் போனதும் விரல் வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவாள். வெள்ளவத்தையில் காலி வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்த சின்னப் பல் கிளினிக் அது. ஜுமானா டொக்டருக்கு உதவியாள். சுபோதினி வரவேற்பில் இருந்து கணக்கும் பார்த்தாள்.

"அக்கா, நீங்க இத வாசிச்சா?"

"இல்லை."

"கட்டாயம் வாசிங்க. கொட்டாஞ்சேனைல நடந்த உண்மைக் கதை. மயூரி எண்டு ஒரு பொம்புள, பியூட்டி பார்லர் வெச்சி நடத்தினவ. கட்டின மாப்புளயே கொன்னு போட்டீக்கான்."

சுபோதினி கணினியில் அடுத்த நோயாளியின் பெயரைத் தட்டினாள். மயூரி அவளுடைய அக்கா.

அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடாது என்று அவள் எந்த முடிவும் எடுத்திருக்கவில்லை. ஆனால் சொல்வதற்கு உள்ளேயிருந்து ஏதாவது கிளம்பவேண்டும். எதுவும் கிளம்பவில்லை.

"எல்லாம் சரி, அந்தத் தங்கச்சிக்காரியத்தான் எனக்குப் புடிக்கல்ல," என்றாள் ஜுமானா. "எழுதினவரோட பேசவே மாட்டேன்டு சொல்லீக்கிறா. பேரும் போடல்ல. கூடப் பொறந்தவ அக்கா! ஒருவேள அவக்கு முன்னமே எல்லாம் தெரிஞ்சீக்கும். தெரிஞ்சும் சும்மா ஈந்தீப்பா."

"இருக்கலாம்," என்றாள் சுபோதினி.

'மேல்மாடியில் ஒருத்தி' என்ற அந்தப் புத்தகம் வெளிவந்து சில மாதங்களுக்குள் கொழும்பில் தமிழ் வாசிக்கிற பலரின் கைக்குப் போயிருந்தது. எழுதியவன் கஜீவன், முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவன். வழக்கு விவரங்களையெல்லாம் தேடிப் படித்து, கொட்டாஞ்சேனையில் வீடு வீடாக ஏறி இறங்கி எழுதியிருந்தான். சுபோதினியிடமும் வந்தான். "எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை தம்பி" என்று அனுப்பிவிட்டாள். அவளுடைய அம்மா கனகேஸ்வரி அவனை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்து, படங்களை எடுத்துப் போட்டு, பொழுதுபடும் வரைக்கும் கதைத்தார்.

மயூரி செத்த பிறகு தாயும் மகளும் கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி பிளட்டுக்கு வந்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மயூரியின் பெயர் சொல்லப்படவில்லை. சொந்தக்காரர்களும் சொல்லவில்லை. கல்யாண வீடுகளில் கனகேஸ்வரி பின்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழும்பி வந்தார். கொஞ்சக் காலத்தில் அழைப்பும் குறைந்தது. பல வருடங்கள் அப்படிப் போயின.

இப்போது அன்றாடம் போன் வந்தது. அன்றைக்குச் சுபோதினி வேலையால் வந்தபோதும் அம்மா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் கல்கிசையிலயிருந்து கதைக்கிறன். ராத்திரித்தான் புத்தகத்தை வாசிச்சு முடிச்சனான். இண்டைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை."

"அழாதேங்கோ பிள்ளை. முதல்ல சாப்பிடுங்கோ. வெறும் வயித்தில இருக்கக்கூடாது."

"கடைசியில உங்களைத்தானே அம்மா கூப்பிட்டவ."

"ஓமம்மா. என்னைத்தான் கூப்பிட்டவள்."

புத்தகத்தின் கடைசி வசனம் அது. 'அவளுடைய கடைசி மூச்சு ஒரேயொரு சொல்லாக வெளியே வந்தது: அம்மா.' வாசித்தவர்கள் எல்லாரும் அந்த வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். மெழுகுதிரிப் படத்தோடு அதைப் பேஸ்புக்கில் போட்டார்கள். கனகேஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார். வடிவான பிள்ளை என்று எழுதியிருந்ததையும் வாசிப்பார், வீட்டுக்கு அடங்கி இருந்திருந்தால் இந்த நிலை வந்திராது என்று எழுதியிருந்ததையும் வாசிப்பார்.

"ரெண்டு பக்கமும் பிழை இருக்குமாம். இவர் போட்டிருக்கிறார்," என்றார் அன்றைக்கு.

"அதை ஏன் அம்மா வாசிக்கிறீங்கள்?"

"என்ன, அவரும் மினக்கெட்டு வாசிச்சிருக்கிறார்தானே."

சுபோதினி புத்தகம் முழுவதையும் வாசிக்கவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தாள். வழக்கு நடந்த காலம் முழுக்க நீதிமன்றத்தில் போய் இருந்தவள் அவள். சட்டவைத்தியர் ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில், செய்தி வாசிப்பவரைப் போல ஒரே குரலில் சொன்னார். தூக்கத்திலேயே மரணம் நிகழ்ந்திருக்கிறது. விழித்துக்கொண்டதற்கோ தடுத்ததற்கோ அடையாளம் எதுவும் இல்லை. எதிர்ப் பக்கத்தில் அக்காவின் கணவன் சாரங்கன் தன் நகத்தைப் பார்த்தபடி நின்றான். அவனுக்குத் தண்டனை கிடைத்த அன்று சுபோதினி வீட்டுக்கு வந்து, "தீர்ப்பு வந்திட்டுது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். டொக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

வாசகர் சந்திப்பு ஒரு சனிக்கிழமை, ஒரு டியூசன் வகுப்பின் மண்டபத்தில் நடந்தது. கனகேஸ்வரி பிரவுண் கரைச் சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தார். துணைக்கு வந்த சுபோதினி பக்கத்தில் இருந்தாள். கரும்பலகையில் யாரோ பாதி அழித்த கணக்கு ஒன்று கிடந்தது.

முதலில் எழும்பியவர் அவர்களுடைய அடுக்குமாடியிலேயே இருக்கும் வரதராசா. ஓய்வுபெற்ற இன்ஜினியர்.

"எழுத்து நல்லா இருக்கு. ஆனா எங்கட சனத்தின்ர வீட்டு விசயங்களை இப்பிடி வெளியில போட வேணுமோ எண்டு ஒரு கேள்வி."

இரத்மலானையிலிருந்து வந்த ஓர் இளைஞன், கொலைகாரனின் மனதுக்குள் இன்னும் போயிருக்கலாம், சாரங்கன்தான் சுவாரசியமான ஆள், அவனுக்கு ஒரு அத்தியாயம் காணாது என்றான். அவனுக்குப் பின்னால் இருந்த பெண் மைக்கை வாங்கினாள்.

"மூண்டாம் அத்தியாயத்திலயே கொலை நடக்கப் போகுதெண்டு தெரிஞ்சுபோச்சு. கொஞ்சம் சஸ்பென்ஸ் வைச்சிருக்கலாம்."

கஜீவன் தலையாட்டிக் குறித்துக்கொண்டான். கனகேஸ்வரியும் தலையாட்டினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி, வந்தவர்களை வரவேற்பதுபோல ஆட்டினார். ஹிபா என்ற மாணவி அந்தக் கடைசி வசனத்தை வாசித்துக் காட்டத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதாள். மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. சுபோதினி கரும்பலகைக் கணக்கைப் பார்த்தாள். இடையில் ஒரு வரியை அழித்துவிட்டிருந்ததால் விடை எப்படி வந்ததென்று விளங்கவில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டபோது, கையெழுத்து வாங்கப் புத்தகத்தோடு ஜுமானாவும் வந்தாள். சுபோதினியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, அக்கா! வாசிக்கல்லேண்டு சொன்னீங்க?"

"இதுதான் என்ர சின்ன மகள்," என்றார் கனகேஸ்வரி, ஜுமானாவின் கையைப் பிடித்து. "மயூரியின்ர தங்கச்சி."

ஜுமானாவின் வாய் திறந்தபடி நின்றது. சுபோதினிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "போய்க் கையெழுத்து வாங்குங்கோ, ஆக்கள் கூடப்போகினம்," என்றாள்.

பிறகு தேத்தண்ணி ஊற்றிய இடத்தில் சுபோதினியே கஜீவனிடம் போனாள்.

"தம்பி, அந்தக் கடைசி வசனம். அவ 'அம்மா' எண்டதை ஆர் கேட்டது?"

அவன் கப்பைக் கீழே வைத்தான். "ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா. டொக்டரின்ர சாட்சியம் எனக்குத் தெரியும். ஆனா அப்பிடியே எழுதினால்... நித்திரையில போனா எண்டு புத்தகத்தை முடிக்க ஏலாமல் இருந்தது. உங்களுக்கு மனவருத்தம் எண்டால் சொல்லுங்கோ. ரெண்டாம் பதிப்பு வேலை நடக்குது, எடுத்துவிடுறன்."

அவன் சண்டைக்கு நிற்பான் என்று நினைத்திருந்தாள்.

"எடுங்கோ," என்றாள்.

அம்மா நடந்தே போவோம் என்றார். மரைன் டிரைவ் பக்கமாக இறங்கினார்கள். வெயில் தணிந்திருந்தது. கடற்கரைத் தண்டவாளத்தில் கல்கிசைப் பக்கம் போகிற ரயில் சனத்தோடு போனது. அது போன பிறகு சுபோதினி சொன்னாள்.

"அம்மா, அந்தக் கடைசி வசனத்தை எடுக்கப் போறார். நான்தான் சொன்னனான்."

"ஏன்?"

"அது உண்மையில்லை. அக்கா நித்திரையிலதான் போனவ. கோட்டில டொக்டர் சொன்னவர். அவவுக்கு ஒண்டும் தெரியாது. நொந்தும் இருக்காது."

கனகேஸ்வரி சேலைத் தலைப்பைக் காற்றுக்குப் பறக்காமல் இழுத்துப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

"கதிர்காமநாதன் மாமா. அவரும் அண்டைக்குக் கோட்டுக்கு வந்தவர்தானே, அண்டைக்கே போன் எடுத்துச் சொன்னவர்."

இத்தனை வருடமாக இருவரும் ஒரே விசயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்து, ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். சுபோதினி அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப, நோகாமல் போனவ எண்டது உங்களுக்கு ஆறுதல்தானே?"

"ஆறுதல்தான்." கொஞ்சத் தூரம் நடந்த பிறகு அம்மா சொன்னார்: "ஆனா என்னை நினைக்காமல் போயிட்டாள்."

எதிரே ஓடி வந்த ஒருவருக்கு இருவரும் விலகி வழிவிட்டார்கள்.

"அந்தப் பெடியன் எழுதின பிறகுதான் ஆக்கள் என்னோட கதைக்கினம், பிள்ளை. உங்களைத்தான் கூப்பிட்டவ எண்டு சொல்லினம். பொய்யெண்டு எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாதுதானே. அவை சொல்லேக்க எனக்கு... சரி, விடு. நீ சொன்னது சரிதான். எடுக்கட்டும்."

சுபோதினிக்கு அழுகை வரவேண்டிய இடம் அது. வரும் என்று எண்ணி நடையை மெதுவாக்கினாள். வரவில்லை. கால் மட்டும் கடுத்தது. வீட்டுக்கு வந்து சோறு போட்டு இருவரும் சாப்பிட்டார்கள். அதன் பிறகு வந்த போன் ஒன்றை அம்மா எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவள் கிளினிக்குக்குப் போனபோது ஜுமானா முன்பே வந்திருந்தாள். மேசையில் புத்தகம் இல்லை.

"அக்கா, நா தெரியாமப் பேசிட்டேன். அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"பரவாயில்லை ஜுமானா."

"ஏன் அக்கா நீங்க அவரோட பேசல்ல? கோவமா?"

"கோபம் ஒண்டுமில்லை. என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. இப்பவும் தெரியாது."

ஜுமானா ஏதோ கேட்க வந்து நிறுத்தி, கையுறைப் பெட்டியைத் திறந்து மூடினாள். பிறகு தாங்காமல் கேட்டாள்.

"கடைசீல உம்மாவக் கூப்பிட்டா எண்டு ஈக்கே. அது உண்மதானே?"

சுபோதினி அவளைப் பார்த்தாள். பொய்யென்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ஓம்," என்றாள். "அம்மாவைத்தான் கூப்பிட்டவ."

ஜுமானா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுபோதினி வாசலில் நின்று கஜீவனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அந்த வசனத்தை எடுக்க வேண்டாம். இருக்கட்டும்."

"சரி அக்கா. ஏன் எண்டு கேக்கலாமோ?"

"வேண்டாம்."

"புதுப் பதிப்புக்கு நீங்களும் ஏதாவது..."

"இல்லைத் தம்பி. எனக்கு நோயாளர் வந்திட்டினம்," என்று வைத்தாள். யாரும் வந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் சில பெண்கள் தங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அம்மாவைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பக்கம் போகமாட்டேன் என்றிருந்தவர் காலையிலேயே தலை முழுகி வெளிக்கிட்டார். சுபோதினி கீழே குந்தியிருந்து சேலைக் கொய்யக மடிப்பைப் பிடித்துச் சரிசெய்தாள்.

"நீயும் வாவன்."

"நீங்கள் போயிட்டு வாங்கோ அம்மா."

"அவை உன்னைக் கேப்பினம்."

"வேலை எண்டு சொல்லுங்கோ."

கீழே ஓட்டோ வந்து ஹோர்ன் அடித்தது. அம்மா படியிறங்கிப் போனார். சுபோதினி கதவைச் சாத்திவிட்டு வந்து, உலையை வைத்து, ஒருவருக்கு மட்டும் அரிசி போட்டாள். சோறு வேகும்வரை குசினியிலேயே நின்றாள். வெந்ததும் பருப்போடு பிசைந்து சாப்பிட்டாள். உப்புக் காணாதுபோல இருந்தது. எழும்பிப் போய் எடுக்கவில்லை.