அலெக்ஸாண்டரின் சேட்டுகள்

கழுவ வேண்டாம் என்று கிளடிஸ் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை என்று இப்போது சாட்டுச் சொல்ல முடியாது. கணவரின் மணம் அதில் இருக்கிறது என்றும் சொன்னார். நன்றாகத் தலையாட்டிவிட்டுத்தான் சேட்டுகள் இருந்த பையை வாங்கினேன்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, மாசி மாதம். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் மாடியிலேயே இருந்த வெள்ளைக்காரி அவர்; புத்தரை வைத்துத் தியானம் செய்கிறவர். கணவர் அலெக்ஸாண்டர் செத்துப்போய் ஒரு மாதம். அவர் உடுத்த சேட்டுகளை வெட்டி, பிக்குகளின் அங்கிபோல வயலும் வரப்புமாகக் கட்டம் கட்டமாகப் பொருத்தி, ஒரு சுவர்த்துணி தைக்கவேண்டும். மெஷின் கூடாது, ஒரு தையலுக்கு ஒரு மூச்சு. கிளடிஸுக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். அதனால் தையல் ஃபக்டரியில் வேலை செய்த என்னிடம் கேட்டார்.

வாசலில் என் கணவர் இராஜரட்ணம் மறித்தார்.

"என்ன ரதி, செத்த வீட்டு உடுப்பை உப்பிடியே உள்ளுக்குக் கொண்டுவாறீர்? பிள்ளையள் இருக்கிற வீடெல்லே."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். நேரே கீழே லோண்ட்ரிக்குப் போய், சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். துடக்கு, தீட்டெல்லாம் போய்விட்டது என்று நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஆறு கிழமை, ஒரு மூச்சையும் ஏமாற்றவில்லை. ஃபக்டரியில் கொலர் கொலராகத் தள்ளிப் பழகிய கைக்கு அது பெரிய தண்டனை.

கொண்டுபோய்க் கொடுத்தபோது கிளடிஸ் வரப்புகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு துணியில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். இடம் மாற்றி இன்னொரு தரம் இழுத்தார்.

"கழுவவில்லைதானே?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். வாய் கூசவில்லை.

"மூன்று மாதம்கூட ஆகவில்லை, ரதி. அதற்குள் அவருடைய மணத்தை நான் மறந்துவிட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கொரிடோரில் கண்டால் இன்றைக்கும் நின்று கதைப்பார். காலையில் தியானத்துக்கு உட்காருமுன் அந்தத் துணியைத்தான் முகர்ந்து பார்க்கிறாராம். மனம் இன்னும் அடங்கவில்லை, அடங்கினால் மணம் திரும்ப வரும் என்கிறார்.