பின்வரிசை வந்து சேரும் நேரம்

அந்த வேனின் முன் இரண்டு வரிசைகளும் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவர்கள் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேருவார்கள். வாங்கிய புதிதில் இந்தத் தாமதம் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்கு மேல் போனதில்லை. மற்றபடி அது நல்ல வண்டி. ஏழு இருக்கைகள் கொண்ட சின்ன மினிவேன், சாம்பல் நிறம், இழுத்துத் திறக்கும் பக்கக் கதவுகள், பெட்ரோலும் அளவாகத்தான் குடித்தது.

வாங்கிய குடும்பத்தில் ஆறு பேர். தலைவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தெருவே அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்லும். மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்த தையல்காரம்மா. மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர்களுக்கு இரட்டைப் பெண்குழந்தைகள். பழைய காரில் ஐந்து பேர்தான் உட்காரலாம். குழந்தைகள் மடியில் அடங்காத அளவுக்கு வளர்ந்ததும், வீட்டில் புது வண்டிப் பேச்சு தொடங்கி ஒரு பருவம் முழுக்க ஓய்வில்லாமல் நடந்தது. முதலில் பார்த்த உயரமான வண்டியில் ஏறத் தையல்காரம்மாவின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அடுத்துப் பார்த்த பெரிய வேன் அவர்கள் சந்தில் திரும்பவில்லை. எதிர்வீட்டுச் சுவரை இடித்தால் திரும்பும் என்று மாப்பிள்ளை சொன்னார். மூன்றாவதாக வந்ததுதான் இது. தரை தாழ்வாக இருந்ததால் வீட்டுப் படியேறுவதுபோல் ஏறலாம். கதவு வெளியே விரியாமல் பின்பக்கமாக நகர்வதால் சந்திலும் திறக்கலாம். லிஃப்ட்காரர் அந்தக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, அது ஓடும் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டார். "லிஃப்ட் கதவும் இதுவும் ஒரே குடும்பம். உருளை சுத்தமா ஓடுது" என்று எழுந்தார். தையல்காரம்மா இன்ச் டேப்பை எடுத்து எல்லா இருக்கைகளையும் அளந்தாள். கால் வைக்கும் இடம், தலைக்கு மேலுள்ள இடம், இடுப்பகலம் என்று சட்டைக்கு அளவெடுப்பதுபோல் எடுத்துவிட்டு, மூன்றாவது வரிசையும் பரவாயில்லை என்றாள்.

தவறு அங்கேதான் நடந்தது. அவள் அளந்தது நின்றுகொண்டிருந்த வண்டியில். ஓட்டிப் பார்க்கப் போனபோது மூன்றாவது வரிசை மடித்துக் கிடந்தது, அதை நிமிர்த்த யாருக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டில் ஆளுக்கொன்றைப் பார்ப்பதுதான் வழக்கம். மாப்பிள்ளை பிரேக்கைப் பார்த்தார், மகள் குளிர்சாதனத்தைப் பார்த்தாள், லிஃப்ட்காரர் கதவைப் பார்த்தார், குழந்தைகள் ஹாரனைப் பார்த்தார்கள். ஓடும்போது பின்வரிசை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை.

முதல் பயணத்தில் இரட்டையரில் இளையவள் பின்னால் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தாள். உறவினர் வீட்டு வாசலில் இறங்கிப் பார்த்தால் அவள் இல்லை. சீட் பெல்ட் மட்டும் பூட்டியபடி, ஒரு சின்ன வயிற்றைச் சுற்றியிருப்பதுபோல் வளைந்து நின்றது. மகள் அலறினாள். மாப்பிள்ளை வந்த வழியே தேடி ஓடினார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் இளையவள் இருக்கையில் இருந்தாள், பாதிப் பாட்டோடு. "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்று கேட்டாள். அவளுக்குப் பயணம் மற்றவர்களுக்கு ஆன நேரம்தான் ஆகியிருந்தது. வந்து சேர்ந்தது மட்டும்தான் பிந்தி.

பட்டறை மேஸ்திரி வண்டியை மேலே தூக்கி அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்றார். "நீளம் கம்மி சார். அஞ்சு பேர் வண்டி நீளத்துல ஏழு பேர உக்கார வெக்கணும்னா எங்கயாவது எடம் புடிச்சுத்தான ஆகணும்? சில பேரு கால் நீட்டுற எடத்துல புடிப்பான். சில பேரு டிக்கில புடிப்பான். இவன் நேரத்துல புடிச்சிருக்கான்."

"சரி பண்ண முடியுமா?" என்றார் மாப்பிள்ளை.

"தாராளமா. மூணாவது வரிசைய கழட்டிடணும்."

அதற்காகவா ஏழு இருக்கை வண்டி வாங்கினோம் என்று திரும்பி வந்துவிட்டார்கள். மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும். பின்வரிசையில் வைத்த ஐஸ் உருகாமல் வந்தது, சூடான பாத்திரம் சூடாகவே வந்தது. மாப்பிள்ளைக்குப் பிடிக்காத அவருடைய சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போகும்போது பின்னால் உட்காரவைத்தால், அவர் வந்து சேருவதற்குள் பாதி விசேஷம் முடிந்திருக்கும். வண்டியின் எடை பின்சக்கரங்களுக்கு மேலே உள்ள சுருள்வில்களில் இறங்குகிறது. அவை தளரத் தளர பின்பக்கம் தாழ்ந்தது, தாமதமும் கூடியது. ஓடுகிற தூரத்தைப் பொறுத்தும் அது கூடும். இப்படித் தவறிய நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே போனதைக் கண்டுபிடித்தவள் தையல்காரம்மா. இரட்டையர் இருவருக்கும் ஒரே துணியில் பாவாடை வெட்டியவள், பின்னால் உட்காரும் பழக்கமுள்ளவளுக்கு இரண்டு விரல் மடித்துத் தைக்க வேண்டியிருப்பதைப் பார்த்தாள். கூடப் பிறந்தவளைவிட அவள் மெல்ல மெல்ல இளையவளாகிக்கொண்டிருந்தாள். பள்ளியில் ஒருத்திக்கு முன்சீட்டு என்றும் மற்றவளுக்குப் பின்சீட்டு என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். பின்சீட்டை அதற்குப் பிறகு பின்னால் உட்கார விடவில்லை.

குழந்தைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருடம் லிஃப்ட்காரர் இருமத் தொடங்கினார். லிஃப்ட் ஓடும் கூட்டில் மேலிருந்து கீழ்வரை இறங்கும் தூசியை அவர் வாழ்நாள் முழுக்கச் சுவாசித்திருந்தார். நுரையீரல் கெட்டியாகிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். அடுத்த கோடையைத் தாண்டுவது கஷ்டம். ஒரு புது மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள், கடைக்கு வரச் சில வருடங்கள் ஆகும். இதையெல்லாம் மகள் சாப்பாட்டு மேஜையில் சொல்லி முடித்தாள். ஜன்னலுக்கு வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

மாப்பிள்ளையும் லிஃப்ட்காரரும் சேர்ந்து சோதனை செய்தார்கள். லிஃப்ட்காரரின் எடைக்குச் சரியாகத் தண்ணீர் கேன்களைப் பின்னால் கட்டி, ஊரைச் சுற்றி ஓட்டி, கேன்கள் வந்து சேரும்வரை காத்திருந்து கணக்குப் போட்டார்கள். லிஃப்ட்காரரை நடுவில் எங்கும் இறக்காமல் கடற்கரைச் சாலை முழுக்கப் போய்த் திரும்பினால் மருந்து வரும் வருடத்தில் அவரும் வந்துவிடலாம் என்று கணக்குச் சொன்னது. தையல்காரம்மா கேன்களைப் பார்க்கவும் வரவில்லை. "நானும் பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது வரிசையில் இரண்டு இருக்கைகள் உண்டு.

"அதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் லிஃப்ட்காரர். நோயிலும் அவருக்கு விளக்கிச் சொல்வதில் சுகம் குறையவில்லை. அவளை அழைத்துப்போய்க் காட்டினார். இந்த வண்டியில் பின்வரிசைக்குத் தனிக் கதவு கிடையாது. நடு இருக்கையின் தோளில் ஒரு பிடி இருக்கிறது. அதை இழுத்தால் இருக்கை குனிந்து முன்னால் நகர்ந்து வழி விடும். பின்னால் இருப்பவருக்கு அந்தப் பிடி எட்டாது. "இங்கருந்து யாராவது தொறந்து விட்டாத்தான் நான் வெளிய வர முடியும். நீயும் உள்ள வந்துட்டா?"

"பொண்ணு தொறப்பா."

"அவ வேலைக்குப் போயிடுவா. நான் எப்ப வருவேன்னு யாரு கண்டா? லிஃப்ட்ல கூண்டு மேல போனா எடைக்கட்டி கீழ வரணும். ரெண்டும் ஒண்ணா மேல போகாதும்மா."

அவள் அந்தப் பிடியைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். "அப்ப நான்தான் எடைக்கட்டி" என்றாள். பிறகு அவர் சட்டையில் பட்டன் ஒன்று தொங்குவதைப் பார்த்து, கழற்றச் சொல்லித் தைத்துக் கொடுத்தாள்.

கோடை பிறப்பதற்கு முன் கிளம்பினார்கள். மாப்பிள்ளையும் மகளும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். தையல்காரம்மா நடு வரிசையில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தாள். ஓட ஓட அவர் மங்கினார். முதலில் நிறம் போயிற்று, பிறகு ஓரங்கள் போயின. வழக்கமாக வண்டி நின்ற பிறகுதான் ஆள் இல்லாதது தெரியும். இவ்வளவு தூரம் யாரும் அதற்கு முன் ஓட்டியதில்லை. பாதி வழியில், கடல் காற்று திரும்பிய இடத்தில், அவள், "ஜன்னல இன்னும் கொஞ்சம் எறக்கவா? காத்து வருதாங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. பெல்ட் ஒரு மனிதரின் மார்புக்கும் வயிற்றுக்கும் ஏற்ற வளைவோடு பூட்டியிருந்தது. மீதி வழி முழுக்க அவள் திரும்பியபடியே உட்கார்ந்து வந்ததில், கழுத்து அதற்குப் பிறகு ஒருபோதும் நேராகவில்லை.

கணக்குச் சொன்ன வருடத்தில் மருந்து வந்தது. மகள் முதல் பெட்டியிலேயே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். லிஃப்ட்காரர் வரவில்லை. தண்ணீர் கேன்களை வைத்துச் சோதித்தபோது வில்கள் இருந்த இருப்பு வேறு, கடற்கரைச் சாலையின் பள்ளங்களில் அவை தளர்ந்த தளர்ச்சி வேறு என்று மாப்பிள்ளை பிற்பாடு புரிந்துகொண்டார். அதோடு இன்னொன்றும் இருந்தது. எந்த வண்டியையும் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது. பேட்டரி இறங்கிவிடும், டயர் தரையில் படும் இடத்தில் தட்டையாகிவிடும், பிரேக் இறுகிவிடும். அதனால் வாரம் ஒருமுறை தெருவைச் சுற்றியாவது ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டும் ஒவ்வொரு சுற்றும் அவரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தது.

"இப்படிச் சுத்திச் சுத்தி எங்க கொண்டுபோய் விடப்போறீங்க அவரை?" என்று தையல்காரம்மா சத்தம் போட்டாள்.

"ஓட்டலேன்னா வண்டி செத்துடும் அத்தை. வண்டி செத்தா மாமா எதுல வந்து எறங்குவாரு?"

அவள் நடு வரிசையில் ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஒரு சுற்றைக்கூட அவள் விட்டதில்லை. கோணிய கழுத்தோடு வெறும் பெல்ட்டைப் பார்த்துச் செய்தி சொல்லிக்கொண்டு வருவாள். எதிர்வீட்டுச் சுவர் தானாகவே இடிந்தது, முன்சீட்டுக்குக் கல்யாணம் ஆனது, மெஷினுக்கு மோட்டார் போட்டது, கண்ணில் புரை எடுத்தது. கடைசியில் எப்போதும், "காத்து வருதாங்க?" என்று கேட்டு நிறுத்துவாள். வருடங்கள் இப்படிப் போயின. மகள் காலாவதியான மருந்தை எடுத்துப் போட்டுப் புதியதை வைத்துக்கொண்டே இருந்தாள். மகளின் தலை நரைத்தது. மாப்பிள்ளை கற்றுக்கொடுத்தவர்களின் பிள்ளைகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் தையல்காரம்மா, பாதி வெட்டிய துணியின் மேல் தலை வைத்து இறந்துபோனாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது. கழுத்தை நேராக்கிப் படுக்கவைக்க முயன்றார்கள், முடியவில்லை. ஜன்னல் பக்கமாக, வேனைப் பார்த்தபடியே விட்டுவிட்டார்கள்.

மழை விட்ட பிறகு ஒரு மதியம், பின்சீட்டு வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் அக்காளைவிடச் சற்று இளமையாகவே இருந்தாள். கதவைத் திறந்து தரைவிரிப்பை உருவியபோது, உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"வருது, வருது. போதும்."

லிஃப்ட்காரர் பெல்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கடல் காற்றில் கலைந்த முடி அப்படியே இருந்தது. பின்சீட்டு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிடியை இழுத்தாள்; இருக்கை குனிந்து வழி விட்டது. அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ பின்சீட்டுதான?"

"ஆமா தாத்தா. மெதுவா எறங்குங்க, தரை ஈரம்."

"எங்க அவ? இப்பத்தான திரும்பிக் கேட்டா."

பின்சீட்டு சொன்னாள். விளக்கமாகவே சொன்னாள், ஏனென்றால் அவருக்கு விளக்கம் பிடிக்கும். வில்கள் தளர்ந்தது, வாரச் சுற்றுகள், மழைக்காலம், கத்தரிக்கோல். கேட்கும்போது அவர் விரல்கள் சட்டைப் பட்டன் ஒன்றைத் தடவிக்கொண்டே இருந்தன. அந்த நூலுக்கு இன்னும் ஒரு சலவைகூட ஆகவில்லை.

மருந்து வேலை செய்தது. மருத்துவமனையில் மகளை அவருடைய அக்கா என்று எழுதிக்கொண்டார்கள், யாரும் திருத்தவில்லை. இருமல் நின்றதும் அவர் செய்ய ஒன்றும் இல்லாதவர் ஆனார். அவர் கற்ற லிஃப்ட்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டிருந்தார்கள். ஒரு நாள், பழைய வில்களையாவது மாற்றலாம் என்று வண்டிக்குள் போய்ப் பின்வரிசையில் சற்று உட்கார்ந்தவர், அப்படியே அசையாமல் இருந்தார். நடு வரிசையில் யாரும் இல்லை. ஆனால் எதிர்வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது என்று தையல்காரம்மாவின் குரல் சொன்னது. தானாகவே இடிந்ததாம், நாம் பெரிய வேனையே வாங்கியிருக்கலாமாம். பின்வரிசைக்கு அனுப்பியதெல்லாம் தாமதமாகத்தான் வரும், பேச்சும் அப்படித்தான். அவருக்கு அது உடனே புரிந்துவிட்டது. வாரச் சுற்றுகளில் அவள் சொன்னதெல்லாம், சொன்ன வரிசையிலேயே வந்துகொண்டிருந்தது.

வில்களை அவர் மாற்றவில்லை. மதியம் சாப்பிட்டதும் பின்சீட்டு வந்து இருக்கையைக் குனியவைத்து அவரை உள்ளே ஏற்றிவிடுவாள், பொழுது சாயும்போது வந்து இறக்கிவிடுவாள். சில நாட்கள் எதுவும் வராது. சில நாட்கள் ஒரு முழுச் சுற்றும் வந்து சேரும். இப்போது முன்சீட்டின் கல்யாணம் வரைக்கும் வந்திருக்கிறது. மோட்டாரும் புரையும் இன்னும் வர வேண்டும். அவள் பேச்சு நின்றுபோன மழைக்காலமும் ஒரு நாள் வந்து சேரும் என்று அவருக்குத் தெரியும், அதை அவர் பேசுவதில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் காற்று வருகிறதா என்ற கேள்வி வரும். வருகிறது என்று அவர் சொல்வார். சந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அவர் தலையாட்டிச் சிரிப்பதைப் பார்ப்பார்கள். புதிதாக வந்த யாராவது என்ன அது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியில் இடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள்.