சக்கரத்துக் கல்

என் வீட்டுக்காரர் துஷாந்துக்கு இரண்டு சம்சாரம். ஒன்று நான். மற்றது தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஜீப். அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியம் ஜீப்புக்கு. அன்று நான் பயந்த மாதிரி பிரசவத்தில்கூடப் பயந்ததில்லை.

பாடிக்கும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிக்கும் நடுவில் எட்டு ரப்பர் புஷ் இருக்கிறது. எட்டும் தேய்ந்துபோய், இரும்போடு இரும்பு இடித்து, வளைவில் திரும்பினால் பாடி தனியாக ஆடியது. தோட்டத்து மேல் டிவிஷன் பிள்ளைகள் லிந்துலைப் பள்ளிக்கூடத்துக்குப் போவது இதில்தான். திங்கட்கிழமைக்குள் மாற்றியே தீருவேன் என்று நின்றார்.

வாசல் சரிவு. தேயிலை மலையில் சமதரைக்கு எங்கே போவது? ஜீப்பின் மூக்கு பள்ளத்தைப் பார்த்தபடி இருந்தது. காலையிலேயே நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தார்.

"இதுல கைபிரேக்கு சக்கரத்துல புடிக்காது புள்ள. பின்னாடி போற ஷாப்ட்டத்தான் புடிக்கும். ஒரு பின்சக்கரம் தரைய விட்டுருச்சுன்னா கல்லுதான் கதி" என்றார்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டே ம் கொட்டினேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலு மணிக்குள் ஐந்து ரப்பர் மாற்றிவிட்டார். ஆறாவதற்கு வந்தபோது பின்னால் ஒரு போல்ட் துருப்பிடித்துக் கழல மறுத்தது. எண்ணெய் விட்டும் அசையவில்லை. அதனால் ஜாக்கை ஏற்ற ஏற்ற, பாடியோடு சேஸியும் எழும்பி, அந்தப் பக்கத்துப் பின்சக்கரம் இரண்டு விரற்கடை அந்தரத்தில் நின்றது. அந்த போல்ட்டுக்கு முன்னால் பாடி கொஞ்சம் விலகிய இடத்தில் ரப்பரைத் திணிக்க அவர் மல்லாந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கோ வேறு அவசரம். நாலரைக்கு ராகு காலம். பழுது பார்த்த வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றாமல் எங்கள் தோட்டத்தில் யாரும் ரோட்டில் இறக்க மாட்டார்கள். மனிதர் வெளியே வந்ததும் ஏற்றட்டும் என்று நாலு பழம் எடுத்து வந்தேன். பழம் வைக்க இடம் வேண்டுமே. கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாகப் போட்டு, அந்தந்த இடத்தில் பழத்தை வைத்தேன். கடைசிக் கல் இறுகியிருந்தது. காலால் தட்டி எடுத்தேன்.

முன்சக்கரத்துப் பழம் மெல்ல நசுங்கியது. வண்டியில் யாரும் ஏறவில்லை, ஸ்டார்ட் பண்ணவில்லை. பழம் மட்டும் தானாக நசுங்கிக்கொண்டிருந்தது.

ஜாக் சாயத் தொடங்கியிருந்தது. அதன் பக்கத்தில் அவர் தலை. பாடிக்கும் சேஸிக்கும் இடையில் இரண்டு கைகளும். கத்தினால் திடுக்கிட்டு ஜாக்கில் இடிப்பார். கத்தாவிட்டால்?

"என்னாங்க, கைய வெளிய எடுங்க" என்றேன் மெதுவாக.

"இரு புள்ள, ரப்பர் உக்காரப் போகுது."

கான் ஏழெட்டு அடிதான். என் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. ஈரக் கல் கையில் வழுக்கியது. மாரியாத்தா, விரல் போனாலும் போகட்டும், ஆளை விட்டுவிடு என்று கெஞ்சினேன். விரல் போனால் ஜீப் ஓட்ட முடியாதே என்றும் மனசு ஓரத்தில் ஓடியது. அந்த மனசை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சக்கரத்துக்கு முன்னால் கல்லைத் திணித்து, என் காலையும் கொடுத்து அழுத்தினேன். வண்டி நின்றது.

"கைய எடுங்கங்கிறேன்ல!"

அந்தக் குரல் எனக்கே புதிது. அவர் கையை இழுத்துக்கொண்டு வெளியே புரண்டார். ஜாக் சரிந்தது. பாடி மடாரென்று சேஸியில் விழுந்தது.

பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் அழுகை வந்தது.

"ஜாக்கு வழுக்கிருச்சு போல" என்றார். முகம் வெளுத்திருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். நம்பியிருப்பார்.

"ஜாக்கு வழுக்கலைங்க. கல்ல எடுத்தது நாந்தான்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு கல்லையும் தாமே சக்கரத்துக்கு அணைவாக வைத்தார். ஜாக்கை நிமிர்த்தி, அதன் கம்பியை என் கையில் கொடுத்தார்.

"இன்னும் மூணு இருக்கு. நீ ஏத்து."

கம்பியை அவரிடமே நீட்டினேன். "வேணாங்க. வேற யாரையாச்சும் கூப்புடுங்க."

"இனிமே ஒன்னயவிட யாரு இந்தக் கல்லுமேல கண்ணா இருப்பாங்க?" என்றவர், மறுபடியும் ஜீப்புக்கு அடியில் தலையை நீட்டினார்.