அணியத்துக்கு அடியில்

லூர்துசாமி திருப்புளியைக் குத்தவில்லை, மரத்தின் மேல் வைத்துச் சும்மா அழுத்தினார். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான காப்பித்தூள் மாதிரி எதுவோ ஒட்டிக்கொண்டு வந்தது. மேலே தளத்துப் பலகை பாலிஷில் பளபளத்தது. அதைத் தாங்க வேண்டிய குறுக்குச்சட்டம் எப்போதோ செத்துப்போயிருந்தது.

கடலுக்கு வெகுதூரத்தில், கராடியில் ஐ.டி. கட்டடங்களுக்கு நடுவே அந்த மீன் ஹோட்டல். அதன் முற்றத்தில் படகு நின்றது. ரத்னகிரிப் பக்கம் கடலுக்குப் போய் ஓய்ந்த படகை முதலாளி பரமசிவம் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தளத்தில் மேஜை போட்டு வியாபாரம் நடத்தினார். கடலில் இருந்தவரை உப்பு அந்த மரத்தைக் காப்பாற்றியது. இங்கே மழைத்தண்ணீரும், தினமும் கழுவிவிடும் குழாய்த்தண்ணீரும் மூன்றே வருடத்தில் அதைத் தின்றுவிட்டன. தூத்துக்குடியில் பதினைந்து வருடம் படகு கட்டிவிட்டு, பிறகு கட்கி தொழிற்சாலையில் மரப்பெட்டி அடித்து ஓய்ந்த லூர்துசாமிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன ஜூனில் அவருடைய மகள் ஷீலாவின் புருஷன் தங்கராஜ் இந்தத் தளத்தில்தான் மீன்குழம்புத் தட்டோடு போய்க்கொண்டிருந்தான். பலகை உடைந்து படகின் அடிவயிற்றில் போய் விழுந்தான். இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி இல்லை. குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீசில் எழுதிக்கொடுத்தார் பரமசிவம். தங்கராஜ் வாழ்நாளில் பீர் பாட்டிலைக்கூட மோந்து பார்த்ததில்லை. முதலாளி ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப்பார்க்காததால் மாமனார் முகம் அவருக்குத் தெரியாது. படகைப் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் லூர்துசாமி உளியும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியுமாகத் தானே வந்து நின்றார்.

தங்கராஜ் விழுந்த இடத்துச் சட்டத்தை இரண்டாம் நாள் பிரித்தார். உளுத்த பள்ளம் முழுக்கப் பட்டி அடைத்து, அதன்மேல் பெயின்ட் பூசியிருந்தது. ஆக, தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். லூர்துசாமி அந்தப் பட்டியை உளியால் துளித்துளியாகச் சுரண்டி எடுத்தார்.

"என்ன மேஸ்திரி, எல்லாத்தையும் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கீரு?" தலைக்கு மேலே பரமசிவத்தின் குரல். "மேல பலகைய அடிச்சி பாலிஷ் போட்டாப் போதும். உள்ள எவன் பாக்கப்போறான்?"

"நான் பாத்துக்கிடுதேன் மொதலாளி."

"நம்ம ஊர்க்காரருன்னுதான் உம்மகிட்டக் குடுத்தேன், பாத்துக்கிடும்."

அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், பரமசிவத்துக்கென்று பெரிய மர நாற்காலி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் யாரும் அதில் உட்காரக் கூடாது. லூர்துசாமி பதினொரு சட்டங்களை மாற்றினார். ஒவ்வொன்றும் இன்னும் முப்பது வருடம் தாங்கும். அந்த நாற்காலிக்கு நேர்கீழே இருந்த பன்னிரண்டாவதைத் தொடவில்லை. அதற்கு ஒரு முட்டு மட்டும் கொடுத்து அடியில் ஆப்பு இறுக்கினார். ஆப்பு போனால் முட்டு சாயும், முட்டு சாய்ந்தால் சட்டம் முறியும், நாற்காலியும் ஆளும் ஒன்றாக உள்ளே வரும். அந்தப் பரமசிவம் சாக வேண்டாம். செத்துவிட்டால் எல்லாம் அதோடு போயிற்று. தங்கராஜ் மாதிரி கிடக்க வேண்டும். இன்னொருத்தர் வந்து புரட்டிப் போட்டால்தான் புரள முடியும் என்று கிடக்க வேண்டும். அந்த நினைப்பில்தான் லூர்துசாமிக்கு ஏழு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் தளத்தின் மறுதிறப்பு. பத்தரைக்கெல்லாம் லூர்துசாமி அணியத்துக்கு அடியில் நுழைந்துவிட்டார். கொட்டாப்புளியால் ஆப்பை லேசாகத் தட்டித் தளர்த்தி, இன்னும் ஒரே அடியில் விழும்படி வைத்தார். பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுந்தது. பரமசிவத்தின் வெள்ளை ஷூ வந்து மேலே நிற்கட்டும் என்று காத்திருந்தார்.

ஷூ வந்தது. ஆனால் அணியத்துக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டது.

"சலோ, சப் லோக் இதர் ஆவோ!" பரமசிவம் கைதட்டிக் கூப்பிட்டார். "எல்லாரும் இந்த நாற்காலி மூலையில நின்னு குதிங்க பாப்போம். போன தடவ மாதிரி ஆயிரக் கூடாதுல்லா. ஏ வைஷாலி, தூ பி ஆ, நீயும் வா!"

வைஷாலி அங்கே பெருக்கித் துடைக்கிறவள். தங்கராஜ் விழுந்த அன்று உள்ளே குதித்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டவள் அவள்தான். இந்தப் பத்து நாளும் "காகா, ஜேவ்லாத் கா?" என்று, சாப்பிட்டாச்சா பெரியப்பா என மராத்தியில் கேட்டு, தன் பாக்ரி ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். வெயிட்டர் பையன்களின் ரப்பர் செருப்புகளுக்கு நடுவே அவளுடைய வெறுங்கால் தெரிந்தது.

"வேண்டாம்!" என்று கத்தினார். மேலே ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. ஆப்பை இறுக்கக் கொட்டாப்புளியை ஓங்கினார். அதற்குள் ஆறு பேரும் சேர்ந்து குதித்தார்கள். ஆப்பு தெறித்து இருட்டுக்குள் ஓடியது. முட்டு சாய்ந்தது. சட்டம் நெரிந்து ஒரு விரற்கடை இறங்கியது.

லூர்துசாமி முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, சட்டத்தை முதுகில் வாங்கினார்.

பையன்கள் மறுபடியும் குதித்தார்கள். பிடரியில் ஏதோ மளுக்கென்றது. வாயைத் திறந்தார், சத்தத்துக்கு மூச்சில்லை.

"அச்சா ஹை. கல்லு மாதிரி நிக்கி," என்றார் பரமசிவம். "நீங்கள்லாம் எறங்குங்க. வைஷாலி, தூ ருக். ஆரத்தித் தட்டப் புடிச்சிக்கிட்டு இங்கயே நில்லு."

பையன்கள் இறங்கினார்கள். வெள்ளை ஷூ இப்போதுதான் அணியத்துக்கு வந்தது, சரியாக அவர் தலைக்கு மேலே. அதன் பக்கத்திலேயே வைஷாலியின் வெடித்த குதிகால். லூர்துசாமி அரை அடி விலகினால் போதும். ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிடும். அந்தக் குதிகாலும் கூடவே வரும். "போ தாயி, அந்தப் பக்கம் போ," என்று முனகினார். அது அவர் காதுக்கே எட்டவில்லை.

தேங்காய் உடைந்தது. தண்ணீர் இடுக்கு வழியாக அவர் கழுத்தில் வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"மேஸ்திரி எங்கய்யா? சேந்து ஒரு போட்டோ எடுக்கலாம்னா ஆளக் காணோம்."

"பீடி குடிக்கப் போயிருப்பாரு சார்."

"வேலையில ஒழுங்கு கெடையாது இவனுகளுக்கு." மர நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பரமசிவம் உட்கார்ந்தார். சட்டம் இன்னும் ஒரு நூல் இறங்கியது, லூர்துசாமியின் முழங்கை மடங்கித் திரும்ப நிமிர்ந்தது. "வைஷாலி, மேஜையத் தொடச்சிட்டு இங்கனயே நில்லு. டேய், எனக்குச் சுர்மை மீன் வறுவல் ஒண்ணு சொல்லு. அவசரமில்ல, நெதானமா வரட்டும்."