தொந்தரவு ஒன்றும் இல்லை

அலுவலகத்தில் அவளுக்கு ரூல்ஸ் அக்கா என்று பெயர். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த வைத்தியத்துக்குப் பணம் உண்டு, எதற்குக் கிடையாது என்று ஊருக்கெல்லாம் பதில் சொல்பவள். பாலிசியின் நாற்பது பக்கமும் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவள் காலை வாரிவிட்டது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. ஒரு நாள் காலையில் கழிவறையிலிருந்து வந்தவர், துண்டைக் கையில் திருகிக்கொண்டே, "வெளிக்குப் போகும்போது ரத்தம் வருதும்மா" என்றார்.

அவள் பயந்துதான் போனாள். ஆனால் பயம் வந்த கையோடு ரூல்ஸும் வந்துவிட்டது. பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இலவசம். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. ரத்தம் வருகிறது என்று போனால் அதே கேமரா, அதே டாக்டர், ஆனால் பாதிப் பணம் கையிலிருந்து கட்ட வேண்டும்.

"மூலமாத்தான் இருக்கும். ஃபாரத்துல தொந்தரவு இருக்கான்னு கேட்பாங்க. இல்லைன்னு எழுதிடறேன். நீங்களும் வாயத் திறக்காதீங்க."

"டாக்டர்கிட்டயுமா?"

"யார்கிட்டயும்தான்."

அவர் தலையாட்டினார். மனுஷன் லிஃப்டுக்குப் புலி, ரூல்ஸுக்குப் பூனை. மருத்துவமனை நான்கு மாதம் தள்ளித் தேதி கொடுத்தது. காசு செலவில்லாமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட.

ஆறு வாரம் போயிருக்கும். மதியம் ஒரு பெண் அழைத்து, தன் அப்பாவின் பரிசோதனையைக் கொஞ்சம் முன்னால் வைக்க முடியாதா என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு ஏதாவது தொந்தரவு இருக்குங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்போ வரிசைப்படிதான் வரும். ரத்தம் போறது, எடை குறையறதுன்னு ஏதாவது இருந்தா காத்திருக்கவே வேண்டாம். ஒரே வாரத்துல பார்த்துடுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. வருடக்கணக்காக ஒப்பித்து வந்த வாக்கியம்தான். தன் வீட்டு விஷயத்தில் மட்டும் பணம் எவ்வளவு என்று பார்த்தாளே தவிர, நாள் எத்தனை என்று பார்க்கவில்லை. பெரிய ரூல்ஸ் அக்கா! அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

அவர் வேலைச் சட்டையோடு கட்டிலில் சுருண்டு கிடந்தார். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஆளே இல்லை. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு. கூடவே இருந்து இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

"இன்னும் வருதாங்க?"

"நிக்கவே இல்லையே."

"என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நீதானே யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னே."

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "ஃபாரத்துல நான் பொய் எழுதிட்டேங்க. என் வீட்டுக்காரருக்கு ரத்தம் போகுது."

"அப்படின்னா இது இலவசத்துல வராதும்மா" என்று நர்ஸ் ஆரம்பித்தாள்.

"தெரியுங்க. எவ்வளவானாலும் கட்டிடறேன். நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

"எத்தனை நாளா போகுது?"

"ஆறு வாரமா…"

கட்டிலிலிருந்து அவர் கையை ஆட்டினார். "இல்லம்மா. அதுக்கும் முன்னாடியே ஆறு மாசமா இருக்கு. செலவாகும்னு சொல்லுவியேன்னுதான் உன்கிட்ட சொல்லல."

அவள் போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டு அவரையே பார்த்தாள். நர்ஸ் இரண்டு தரம் ஹலோ ஹலோ என்றாள்.

"ஏழரை மாசமாம்" என்றாள் அழுதுகொண்டே.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"நாளைக்கு வேண்டாம்மா. இப்பவே கூட்டிட்டு வாங்க."